அட்டையில் இல்லாத பெயர்

அமெரிக்க விடுதலைக் காலத்தை வாஷிங்டன், ஜெஃபர்சன் போன்றோரின் வரலாறாகவே நாம் படித்திருக்கிறோம். அந்தச் சுதந்திரத்தில் பெண்களுக்குக் கிடைத்த பங்கு என்ன என்ற கேள்வி பாடநூல்களில் அரிதாகவே எழுகிறது. பல்லாண்டுகள் பொருளியல் கற்பித்த எனக்கு இக்கேள்விக்கான விடை ஒரு நாவலில்தான் தெளிவாகக் கிடைத்தது. அதை எழுதியவர் ஹன்னா வெப்ஸ்டர் ஃபாஸ்டர்.

மாசசூசெட்ஸில் உள்ள சாலிஸ்பரியில் 1758-ஆம் ஆண்டு ஒரு வணிகரின் மகளாகப் பிறந்தவர் ஹன்னா. சிறு வயதிலேயே தாயை இழந்தார். 1785-இல் ஜான் ஃபாஸ்டர் என்ற பாதிரியாரை மணந்து, பாஸ்டனை அடுத்த பிரைட்டனில் வாழ்ந்தார். ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதினார்.

1788-ஆம் ஆண்டு கோடையில், டான்வர்ஸ் என்ற ஊரின் விடுதியொன்றில், மாற்றுப் பெயரில் தங்கியிருந்த பெண் ஒருவர் இறந்த குழந்தையைப் பெற்றெடுத்து, சில நாள்களில் தாமும் உயிரிழந்தார். அவர் எலிசபெத் விட்மன். ஹார்ட்ஃபோர்டு நகரப் பாதிரியாரின் மகள்; கவிதை எழுதியவர்; அறிஞர்கள் மதித்த பெண்மணி. குழந்தையின் தந்தை யார் என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. அன்றைய செய்தித்தாள்களோ அவரது நாவல் வாசிப்பையும், வந்த வரன்களை அவர் ஏற்காததையும் காரணமாகக் காட்டி, அம்மரணத்தை இளம்பெண்களுக்கான எச்சரிக்கையாக மாற்றின.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1797-இல், அந்த வாழ்க்கையைத் தழுவி ஹன்னா 'தி கோக்கெட்' என்ற நாவலை வெளியிட்டார். ஆண்களை மயக்கி விளையாடும் பெண்ணைக் குறிக்கும் பழிச்சொல் அது. ஊர் சூட்டிய பழியையே தலைப்பாக வைத்தவர், உள்ளே எழுபத்து நான்கு கடிதங்கள் வழியாகக் கதை சொன்னார். கதாசிரியர் குறுக்கிட்டுத் தீர்ப்பு வழங்க இவ்வடிவத்தில் இடமில்லை. செய்தித்தாள்கள் பேசவிடாத பெண் இங்கே தன் கதையைத் தானே சொல்கிறாள்.

நாவலின் நாயகி எலைசா வார்ட்டன் முன் இரண்டு ஆண்கள் நிற்கின்றனர். பாதிரியார் பாயர் பாதுகாப்பான வாழ்வைத் தருவார். ஆனால், அவள் விரும்பும் சுதந்திரத்தைத் தரமாட்டார். மேஜர் சான்ஃபோர்டு செல்வந்தரைப்போலத் தோன்றும் கடனாளி. எலைசாவிடம் சொத்து இல்லாததால் அவளை மணக்காமல், பணக்காரப் பெண் ஒருத்தியை மணக்கிறார். அதன் பிறகும் எலைசாவைத் தொடர்ந்து வந்து அழிவுக்கு இட்டுச் செல்கிறார்.

அக்காலச் சட்டத்தில், மணமான பெண்ணின் உடைமையும் வருவாயும் கணவனின் கட்டுப்பாட்டுக்குள் சென்றுவிடும். மணமாகாத நடுத்தரக் குடும்பப் பெண்ணுக்கோ மதிப்பான பிழைப்புக்கான வழிகள் மிகக் குறைவு. எனவே, திருமணமே அவளது ஒரே பொருளாதார முடிவு. ஒருமுறை எடுத்தால் மாற்ற இயலாத முடிவு. தோழியர் எலைசாவுக்கு அறிவுரைகளை அள்ளி வழங்குகின்றனர். தன் காலில் நிற்க ஒரு வழியை எவராலும் காட்ட முடியவில்லை. எலைசா முடிவெடுக்கத் தாமதிப்பதை ஊர் சபலம் என்றது. கிடைத்த இரண்டு வாய்ப்புகளுமே போதாதவை என்பதால் எழுந்த தயக்கமாகவே எனக்கு அது தோன்றுகிறது.

நாவலின் பிற்பகுதியில் எலைசாவின் கடிதங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அவளது முடிவைப் பிறர் எழுதித்தான் அறிகிறோம். கடிதங்களுக்கு இடையிலான அந்த மௌனமே நாவலின் மிகக் கனமான பகுதி.

'தி கோக்கெட்' பல பதிப்புகள் கண்டது. ஆயினும், அட்டையில் ஆசிரியரின் பெயர் இல்லை. மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஒரு பெண்மணி என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. 1798-இல் பெண் கல்வி பற்றி 'தி போர்டிங் ஸ்கூல்' என்ற நூலையும் எழுதினார். 1829-இல் கணவர் மறைந்த பின் கனடாவின் மான்ட்ரியலுக்குச் சென்று, 1840-இல் அங்கேயே காலமானார். அவருடைய மகள்கள் எலைசா குஷிங்கும் ஹாரியட் செய்னியும் எழுத்தாளர்களாக விளங்கினர். நாவலின் முகப்பில் ஹன்னாவின் பெயர் இடம்பெற்றது 1866-இல். அவர் இறந்து 26 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஒரு பெண்ணின் துயர மரணம் செய்தியாகும்போது, அவளது நடத்தையை அலசும் வழக்கம் இன்றும் மறையவில்லை. அவளுக்கு முன் எத்தனை வழிகள் திறந்திருந்தன என்று முதலில் கேட்பதே நியாயம். அந்தக் கேள்வியை 1797-லேயே எழுப்பியவர் ஹன்னா ஃபாஸ்டர்.