சோய்சிரோ ஹோண்டாவின் சிறிய கார்

இந்திய நகரங்களின் சாலைகளில் ஹோண்டா என்னும் பெயரைக் காணாமல் நூறடி நடப்பது அரிது. ஸ்கூட்டரின் பக்கவாட்டிலும் காரின் முகப்பிலும் பொறிக்கப்பட்டிருக்கும் அச்சொல், ஒரு கொல்லர் மகனின் குடும்பப் பெயர் என்பதைப் பலர் அறியார்.

சோய்சிரோ ஹோண்டா 1906ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், ஜப்பானின் ஹமாமட்சு நகரை அடுத்த கொம்யோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கிஹெய் இரும்புக் கொல்லர்; பின்னாளில் மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையும் நடத்தினார். தாய் மிகா தறி நெய்பவர். வீட்டில் வசதி இல்லை. ஆனால் சுத்தியல், உலை, இரும்பு ஆகியவற்றுக்குக் குறைவில்லை. அவ்வூருக்குள் முதன்முதலாக ஒரு கார் வந்தபோது, சிறுவன் அதன் பின்னாலேயே ஓடினான். கார் நின்ற இடத்தில் சிந்தியிருந்த எண்ணெயை முகர்ந்து பார்த்து மகிழ்ந்தான். 1917இல் ஹமாமட்சுவில் அமெரிக்க விமானி ஒருவர் விமானம் ஓட்டிக் காட்டுவதாகச் செய்தி வந்தது. தந்தையின் மிதிவண்டியை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு சோய்சிரோ புறப்பட்டான். இருக்கையில் அமர்ந்தால் கால் எட்டாது. ஆகவே சட்டத்தின் இடையே காலை நுழைத்து, தமிழ்நாட்டுச் சிறுவர்கள் குரங்குப் பெடல் என்பார்களே, அவ்வாறு மிதித்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் சென்றான். நுழைவுக் கட்டணத்துக்குக் கையிலிருந்த காசு போதவில்லை. அருகிலிருந்த பைன் மரத்தில் ஏறி அமர்ந்து விமானத்தைக் கண்டு திரும்பினான்.

1922இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும், டோக்கியோவில் ஆர்ட் ஷோகாய் என்னும் கார் பழுதுபார்க்கும் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்த வேலை, முதலாளியின் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதும் தரையைத் துடைப்பதுமே. அவர் பொறுத்துக்கொண்டார். முதலாளி யூசோ சகாகிபாரா, பந்தயக் கார் செய்வதில் ஆர்வம் மிக்கவர். பழைய விமானம் ஒன்றின் இன்ஜினை ஒரு காரின் சட்டத்தில் பொருத்தி அவர் உருவாக்கிய பந்தயக் காரில் சோய்சிரோவின் உழைப்பும் இருந்தது. 1924இல் அக்கார் பந்தயத்தில் வென்றபோது, ஓட்டுநரின் அருகில் அமர்ந்து சென்ற இளம் மெக்கானிக் அவரே. ஓர் ஊர்திக்கென்று செய்த இன்ஜினை வேறோர் ஊர்தியில் வைத்து ஓட்டலாம் என்னும் பாடம் அவர் கையில் அப்போதே ஏறிவிட்டது.

பின்னர் ஹமாமட்சுவில் சொந்தப் பட்டறை நடத்தினார். பிஸ்டன் வளையம் செய்யும் தொழிற்சாலை தொடங்கினார். போரின் இறுதி ஆண்டான 1945இல் நிலநடுக்கம் அத்தொழிற்சாலையை இடித்தது. எஞ்சியதை விற்றுவிட்டு ஏறத்தாழ ஓராண்டு சும்மா இருந்தார்.

போருக்குப் பிந்திய ஜப்பானில் தொடர்வண்டிகளில் கூட்டம் தாங்க முடியாததாக இருந்தது. உணவுப் பொருள் தேடி மக்கள் நெடுந்தூரம் மிதிவண்டியில் அலைந்தனர். 1946இல், இராணுவத்தின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்ட சிறிய இன்ஜின் ஒன்று ஹோண்டாவின் கண்ணில் பட்டது. அதனை மிதிவண்டியில் பொருத்தினார். எரிபொருள் கலம் இல்லை. குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கப் பயன்படும் வெந்நீர்க் கலமே முதலில் அப்பணியைச் செய்தது. அவ்வண்டிகளுக்குப் பலரும் தேடி வந்தனர். பழைய இன்ஜின்கள் தீர்ந்ததும் தாமே இன்ஜின் செய்யலானார். 1948இல் ஹோண்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது. மறு ஆண்டு தகேயோ ஃபுஜிசவா என்பவர் வந்து சேர்ந்தார். பட்டறை ஹோண்டாவுக்கு, பணமும் விற்பனையும் ஃபுஜிசவாவுக்கு என்று இருவரும் பிரித்துக்கொண்டனர். 1958இல் வெளிவந்த சூப்பர் கப் என்னும் சிறு வண்டி உலகெங்கும் விற்றது. 1961இல் மான் தீவில் நடந்த புகழ்பெற்ற பந்தயத்தில் இரு பிரிவுகளில் ஹோண்டாவின் மோட்டார் சைக்கிள்கள் வென்றன.

அதே காலத்தில், கார்த் தொழிலில் புதிய நிறுவனங்கள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவர ஜப்பானிய அரசு முனைந்தது. மோட்டார் சைக்கிள் செய்பவர் அத்தோடு நிற்கட்டும் என்பது போன்ற அத்திட்டம் ஹோண்டாவைச் சினமூட்டியது. அதிகாரிகளோடு வாதிட்டார், அதைவிட விரைவாக வேலையும் செய்தார். கதவு மூடப்படுமுன் உள்ளே நுழைந்துவிட வேண்டும் அல்லவா? 1963இல் ஒரு சிறு சரக்கு வண்டியும், எஸ்500 என்னும் சிறிய காரும் விற்பனைக்கு வந்தன. எஸ்500 காரின் பின்சக்கரங்களைச் சங்கிலிகளே சுழற்றின. மோட்டார் சைக்கிள் தொழிலில் வளர்ந்தவர்களின் கைவேலை அதில் நன்றாகத் தெரிந்தது. அரசு எண்ணிய சட்டமோ இறுதிவரை நிறைவேறவில்லை.

ஆயினும் எளிய குடும்பம் வாங்கக்கூடிய கார் இன்னும் பிறக்கவில்லை. ஜப்பானில் 3 மீட்டர் நீளத்துக்கும் 360 சி.சி. இன்ஜின் அளவுக்கும் உட்பட்ட கார்கள் தனி வகையாகக் கருதப்பட்டன. அவ்வகையில் ஹோண்டா தம் மோட்டார் சைக்கிள் இன்ஜினையே அடிப்படையாகக் கொண்டார். இது கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அன்று. மோட்டார் சைக்கிளில் இன்ஜின் வெட்டவெளியில் இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று அதன் உலோகச் செதில்களில் பட்டுச் சூட்டைக் கொண்டுபோகும். காரிலோ அது மூடிக்குள் அடைபட்டிருக்கும். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னோக்கிச் செல்லும் கியர் தேவையில்லை, காருக்குத் தேவை. ஒருவர் இருவரை இழுத்த இன்ஜின், நால்வரையும் அவர்களின் மூட்டைகளையும் இழுக்க வேண்டும். வளைவில் திரும்பும்போது உட்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதற்கும் வழி செய்ய வேண்டும்.

1967இல் என்360 என்னும் கார் வந்தது. இரண்டு சிலிண்டர், 354 சி.சி.; காற்றினால் குளிரும் இன்ஜின்; கியர்ப் பெட்டியும் மோட்டார் சைக்கிள் முறையிலேயே அமைந்தது. இன்ஜினைக் குறுக்காக முன்புறம் வைத்து, முன்சக்கரங்களையே ஓட்டச் செய்தமையால், எஞ்சிய இடம் முழுவதும் மனிதர்களுக்குக் கிடைத்தது. காரின் எடை 500 கிலோவுக்கும் குறைவு. அவ்வகைக் கார்கள் பலவும் 20 குதிரைத்திறன் அளவில் நின்றிருக்க, இது 31 குதிரைத்திறன் தந்தது. விலை 3,13,000 யென். ஓசை சற்று மிகுதிதான். ஆனாலும் சில மாதங்களிலேயே அவ்வகைக் கார்களின் விற்பனையில் அது முதலிடம் பிடித்தது.

இவ்வெற்றி ஹோண்டாவின் ஒரு நம்பிக்கையை இறுக்கிவிட்டது. இன்ஜினை நீரால் குளிர்வித்தாலும் அந்நீரைக் குளிர்விப்பது காற்றுதானே, பிறகு நடுவில் நீர் எதற்கு என்று அவர் வாதிடுவார். சிறிய இன்ஜினுக்குப் பொருந்திய அவ்வாதம் பெரிய இன்ஜினுக்குப் பொருந்தவில்லை. அவர் விருப்பப்படி, காற்றால் குளிரும் பந்தயக் கார் ஒன்று 1968இல் உருவானது. அணியின் முதன்மை ஓட்டுநர் ஜான் சர்ட்டீஸ், அது பந்தயத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்று கருதினார். எனினும் பிரான்சின் ரூவான் நகரில் நடந்த பந்தயத்தில் அதனை ஜோ ஷ்லெஸ்ஸர் ஓட்டினார். தொடக்கச் சுற்றுகளிலேயே கார் கவிழ்ந்து தீப்பற்ற, அவர் உயிரிழந்தார். அதே பந்தயத்தில் நீரால் குளிரும் ஹோண்டா காரை ஓட்டிய சர்ட்டீஸ் இரண்டாமிடம் பெற்றார். அதன் பின்னும் ஹோண்டா இறங்கி வரவில்லை. 1969இல் காற்றால் குளிரும் இன்ஜினுடன் ஹோண்டா 1300 என்னும் பெரிய கார் வந்தது. இன்ஜின் சிக்கலானதாகவும் கனமானதாகவும் செலவு மிக்கதாகவும் அமைந்தது. கார் எதிர்பார்த்தபடி விற்கவில்லை.

இளம் பொறியாளர்கள் கலங்கினர். புகையின் நஞ்சைக் குறைக்க வேண்டுமானால் இன்ஜினின் சூடு ஒரே சீராக இருக்க வேண்டும். அதற்கு நீரே ஏற்றது என அவர்கள் உணர்ந்திருந்தனர். ஆனால் தலைவரிடம் யார் சொல்வது? பட்டறையில் அவர் சினம் பேர்போனது. அவர்கள் ஃபுஜிசவாவிடம் முறையிட்டனர். அவர் ஹோண்டாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்நிறுவனத்தின் தலைவராக இருக்க விருப்பமா, பொறியாளராக இருக்க விருப்பமா என்பதே அது. ஹோண்டா தலைவராகவே இருப்பதாகக் கூறி, நீரால் குளிரும் இன்ஜினுக்கு இசைவளித்தார். தம் வாழ்நாள் நம்பிக்கையை விடுவது அவருக்கு எளிதாக இருந்திராது. 1971இல் என்360 வகையின் இடத்துக்கு வந்த லைஃப் என்னும் சிறு காரில் நீர் ஓடியது.

அவ்விளைஞர்கள் உருவாக்கிய சி.வி.சி.சி. இன்ஜின், அமெரிக்காவின் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு அளவுகளை நிறைவுசெய்தது. பெரிய அமெரிக்க நிறுவனங்களை முந்த இதுவே வாய்ப்பு என ஹோண்டா மகிழ்ந்தபோது, தாங்கள் போட்டிக்காக அன்று, மக்கள் சுவாசிக்கும் காற்றுக்காகவே உழைப்பதாகப் பொறியாளர்கள் உணர்த்தினர். தம் எண்ணம் குறுகிவிட்டதை ஹோண்டா ஒப்புக்கொண்டார். 1973இல் அவரும் ஃபுஜிசவாவும் ஒன்றாகப் பதவி விலகினர். மகன்களை நிறுவனத்தில் சேர்ப்பதில்லை என்பதில் இருவரும் உறுதியாக இருந்தமையால், பொறியாளராக வளர்ந்த கியோஷி கவாஷிமா தலைவரானார்.

அதன்பின் ஹோண்டா ஊர் ஊராகச் சென்று, தம் பெயரில் உழைத்த தொழிலாளர்களையும் விற்பனையாளர்களையும் நேரில் கண்டு நன்றி கூறினார். ஒருமுறை ஒரு தொழிலாளி, கை எண்ணெயாக இருக்கிறதே என்று பின்வாங்கினார். ஹோண்டா அக்கையையே பற்றிக் குலுக்கினார். பின்னர்த் தம் கையில் ஒட்டிய எண்ணெயை முகர்ந்து பார்த்தார். 1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் அவர் காலமானார். கார் செய்தவரின் இறுதிச் சடங்கால் சாலையில் நெரிசல் உண்டாகக் கூடாது என்று அவர் விரும்பியிருந்ததால், நிறுவனம் பெருஞ்சடங்கு எதையும் நடத்தவில்லை.