வால்மீன் காட்டிய அன்னை

நுழையும்முன்

நிறைமாதம் ஆகுமுன்னரே பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். அத்தகைய குழந்தைகளுள் சிலருக்குப் பார்வை, செவிப்புலன், கைகால் இயக்கம் ஆகியவற்றில் குறைபாடு நேரலாம். பிற குழந்தைகள் விரைவாகக் கற்பதை அவர்கள் மெல்லக் கற்கலாம். இன்று அவர்களைக் காக்க மருத்துவமனைகளும் கருவிகளும் பயிற்சிகளும் உள்ளன. இவை எவையும் இல்லாத காலத்தில், ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்கு முன்பு பிறந்த ஒரு குழந்தையின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பு

ஜெர்மனி நாட்டின் தென்மேற்குப் பகுதியில் வைல் டெர் ஷ்டாட் என்னும் சிறுநகரம் உள்ளது. மதில் சூழ்ந்த அந்நகரில் 1571ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. தந்தை ஹைன்ரிக் கெப்ளர், தாய் கத்தரீனா. தலைமகனுக்கு ஜோகன்னஸ் எனப் பெயரிட்டனர். பின்னாளில் உலகம் போற்றிய வானியல் அறிஞர் கெப்ளர் இவரே.

குழந்தை நலிந்த உடலோடு பிறந்தது. கெப்ளர் வளர்ந்தபின் தம் பிறப்பைத் தாமே கணக்கிட்டு, தாம் கருவில் இருந்தது 224 நாள்களே என்று எழுதிவைத்தார். நிறைமாதக் குழந்தை கருவில் வளரும் காலத்தைவிட இஃது ஏறத்தாழ ஆறு வாரம் குறைவு.

அக்காலத்தில் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளே பலர் இளமையில் இறந்தனர். கத்தரீனா பெற்றெடுத்த மக்கள் எழுவருள் நால்வரே வளர்ந்து பெரியோர் ஆயினர். குறைமாதக் குழந்தையின் உடற்சூட்டைக் காக்கும் கண்ணாடிப் பெட்டி அன்று இல்லை. நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவும் இல்லை. கடுங்குளிர் நிலவும் மார்கழியில் பிறந்த அத்தகைய குழந்தைக்குத் தாயின் அணைப்பும் தாய்ப்பாலும் அடுப்பின் வெம்மையுமே துணை. அந்தத் துணையைக் கொண்டே ஜோகன்னஸ் பிழைத்தான்.

அம்மை தந்த துன்பம்

தந்தை ஹைன்ரிக் கூலிப்படையில் சேர்ந்து போர்புரிபவர். வீட்டில் தங்குவதைவிட வெளிநாட்டுப் போர்க்களங்களுக்குச் செல்வதையே அவர் விரும்பினார். 1575ஆம் ஆண்டில், நெதர்லாந்துப் பகுதியில் இருந்த கணவரைத் தேடிக் கத்தரீனாவும் சென்றார். சிறுவன் பாட்டன் பாட்டியிடம் விடப்பட்டான்.

அந்நாள்களில் அவனைப் பெரியம்மை தாக்கியது. இறப்பின் வாயில்வரை சென்று மீண்டான். உயிர் மீண்டதேயன்றி, உடல் பழைய நிலைக்கு மீளவில்லை. கைகள் வலுவிழந்தன. பார்வை மங்கியது. தொலைவில் உள்ளவை தெளிவாகத் தெரியவில்லை. அதனினும் பெரிய இடர் ஒன்றும் இருந்தது. ஒரு பொருளே அவன் கண்ணுக்குப் பலவாகத் தோன்றும். வானத்தில் ஒரு நிலவு இருக்க, அவன் பல நிலவுகளைக் கண்டான்.

பெற்றோர் திரும்பிவந்து, குடும்பத்துடன் லெயோன்பெர்க் என்னும் ஊரில் குடியேறினர். கத்தரீனாவின் இரண்டாம் மகன் வலிப்பு நோயால் வருந்துபவன். கணவரோ மீண்டும் மீண்டும் போருக்குச் சென்றார்; இறுதியாகச் சென்றவர் திரும்பவே இல்லை. மெலிந்த உடலும் மங்கிய விழியும் கொண்ட ஒரு மகனையும், நோயுற்ற மற்றொரு மகனையும், பிற குழந்தைகளையும் வளர்க்கும் பொறுப்பு அந்தத் தாயின் தோள்களில் விழுந்தது. சத்திரக்காரர் ஒருவரின் மகளான அவர் மூலிகைகளின் பயன் அறிந்தவர். கடுமையாகப் பேசும் இயல்பும் அவருக்கு உண்டு.

மேட்டில் நின்ற இருவர்

1577ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பிய வானில் பெரியதொரு வால்மீன் தோன்றியது. மக்கள் அஞ்சினர். வால்மீன் தோன்றினால் போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் வரும் என்பது அக்கால நம்பிக்கை. கத்தரீனா தம் மகனை வீட்டிற்குள் ஒளித்துவைக்கவில்லை. ஆறு வயது நிறையவிருந்த ஜோகன்னசை உயரமான ஓர் இடத்திற்கு அழைத்துச் சென்று, வால்மீனைக் காட்டினார்.

மங்கலான கண்களைக் கொண்ட சிறுவன் அன்று எவ்வளவு கண்டிருப்பான்? ஒளிக்கீற்று ஒன்றையோ, பல ஒளிக்கீற்றுகளையோ கண்டிருக்கலாம். ஆனால் இவனுக்குத் தெரியாது என்று அவனை விட்டுச்செல்லாமல், அவனையும் அழைத்துச்சென்று காட்டினாரே, அதுதான் பெரிது. 1580ஆம் ஆண்டில் சந்திர கிரகணம் நிகழ்ந்தபொழுதும் பெற்றோர் அவனை வெளியே அழைத்தனர். நிலவு செந்நிறம் கொண்டதை அவன் கண்டான். இவ்விரு நிகழ்ச்சிகளையும் கெப்ளர் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

மெல்ல நடந்த கல்வி

அப்பகுதியை ஆண்ட கோமகன்கள், ஏழை மாணவரும் பயில்வதற்குப் பள்ளிகளையும் உதவித்தொகையையும் ஏற்படுத்தியிருந்தனர். ஜோகன்னஸ் லத்தீன் பள்ளியில் சேர்ந்தான். ஆனால் குடும்ப வறுமையால் இடையிடையே வயல்வேலைக்கு அனுப்பப்பட்டான். மெலிந்த உடலால் அவ்வேலையைத் தாங்க இயலவில்லை. மூன்று ஆண்டுகளில் முடிக்கவேண்டிய படிப்பை முடிக்க அவனுக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின.

காலம் தாழ்ந்ததேயன்றிக் கல்வி நிற்கவில்லை. உடல் உழைப்புக்கு ஏலாத இவன் படிக்கட்டும் என்று வீட்டாரும் இசைந்தனர். 1589ஆம் ஆண்டில் ஜோகன்னஸ் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அங்கு மைக்கேல் மேஸ்ட்லின் என்னும் ஆசிரியர், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்னும் கோப்பர்நிக்கசின் கொள்கையை அவனுக்குக் கற்பித்தார். வானம் காட்டிய தாய்க்குப்பின், வானத்தின் கணக்கைக் காட்டிய ஆசான் வாய்த்தார். 1594ஆம் ஆண்டு கெப்ளர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் கணித ஆசிரியர் ஆனார்.

பிறர் கண்ணால் கண்ட உண்மை

வானியல் அறிஞர்க்குக் கூரிய பார்வை வேண்டும். தொலைநோக்கி கண்டறியப்படாத அந்நாளில் அது மேலும் இன்றியமையாதது. கெப்ளருக்கோ விண்மீன்களைத் துல்லியமாக நோக்கும் கண்கள் இல்லை. ஆயினும் அவர் வானியலைக் கைவிடவில்லை. வேறு வழி தேடினார்.

டென்மார்க்கில் பிறந்த டைக்கோ பிராகி அக்காலத்தில் வானத்தை உற்றுநோக்குவதில் தலைசிறந்தவர். அவரிடம் பல்லாண்டுக் குறிப்புகள் இருந்தன. 1600ஆம் ஆண்டில் கெப்ளர் பிராகா நகருக்கு அருகே அவரைச் சந்தித்து, அவருடன் இணைந்து பணியாற்றலானார். அடுத்த ஆண்டே டைக்கோ மறைந்தார். பேரரசரின் கணித அறிஞர் பதவி கெப்ளருக்கு வந்தது. டைக்கோவின் குறிப்புகளும் அவர் கைக்கு வந்தன.

செவ்வாய்க்கோள் செல்லும் பாதையைக் கணக்கிடுவதே அவர் ஏற்ற பணி. கோள்கள் வட்டப்பாதையிலேயே செல்கின்றன என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர் நம்பிவந்தனர். வட்டத்தைக் கொண்டு கெப்ளர் செய்த கணக்கு, டைக்கோ கண்ட இடத்திலிருந்து மிகச் சிறிதளவே விலகியது. அவ்வேறுபாடு வானில் நிறைமதியின் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு. பிறராயின் அதனைப் பிழையென ஒதுக்கியிருப்பர். கெப்ளரோ டைக்கோவின் கண்களை நம்பினார். வட்டத்தை விடுத்து மீண்டும் கணக்கிட்டார். செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று கண்டார். இவ்வுண்மை 1609இல் நூலாக வெளிவந்தது.

பார்வைக் குறையும் அவரை வேறோர் ஆய்வுக்கு இட்டுச்சென்றது. நாம் எவ்வாறு காண்கிறோம் என்னும் வினாவை அவர் எழுப்பினார். 1604இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், வெளிப்பொருளின் உருவம் கண்ணின் விழித்திரையில் தலைகீழாக விழுகிறது என்று விளக்கினார். கிட்டப்பார்வை உடையவர்க்குக் குழிவில்லையும், தூரப்பார்வை உடையவர்க்குக் குவிவில்லையும் எவ்வாறு உதவுகின்றன என்பதற்கும் காரணம் கூறினார். மூக்குக்கண்ணாடியை மக்கள் முன்னரே அணிந்துவந்தனர். அது பயன்தருவதன் காரணத்தைச் சரியாக விளக்கியவர் கண்பார்வை குன்றிய கெப்ளரே.

அவர் வாழ்வில் துயரங்களும் குறையவில்லை. தம் இளமையைச் சிதைத்த அதே பெரியம்மைக்கு, ஆறு வயது மகன் பிரீட்ரிக்கை 1611இல் அவர் பறிகொடுத்தார்.

அன்னையைக் காத்த மகன்

1615ஆம் ஆண்டின் இறுதியில் தங்கை மார்கரெத்தாவின் மடல் கெப்ளருக்குக் கிடைத்தது. அதனைப் படித்து அவர் நடுங்கினார். கத்தரீனா தந்த பானத்தைக் குடித்ததால் தமக்கு நோய் வந்ததென்று லெயோன்பெர்க்கில் ஒரு பெண் குற்றஞ்சாட்டியிருந்தார். கத்தரீனா சூனியக்காரி என்னும் பழி ஊரெங்கும் பரவியது. அக்கால ஐரோப்பாவில் இப்பழிக்கு ஆளான பெண்கள் பலர் கொல்லப்பட்டனர். தனித்து வாழ்பவர், முதியவர், மூலிகை அறிந்தவர், வெடுக்கெனப் பேசுபவர் ஆகியோரையே இப்பழி எளிதில் பற்றியது. கத்தரீனாவிடம் இவை யாவும் இருந்தன.

1620ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், எழுபது வயதைக் கடந்த அம்மூதாட்டி சிறைப்பட்டார். அவரைச் சங்கிலியால் பிணைத்துவைத்தனர். லின்ஸ் நகரில் பணியாற்றிய கெப்ளர், தம் பணியை விட்டுவிட்டு நெடுந்தொலைவு பயணம்செய்து தாயிடம் வந்தார். இளமையில் தம் தாயைப் பற்றிக் கடுமையான சொற்களை எழுதிவைத்தவரே அவர். சண்டையிடும் இயல்பினர் எனக் குறைகூறியவரே. இடருற்ற வேளையில் அவை எவையும் அவர் நினைவில் நிற்கவில்லை. பேரரசரின் கணித அறிஞரின் தாய் சூனியக்காரி என்றால் தம் பெயருக்கும் இழுக்கு நேரும் என அஞ்சி அவர் ஒதுங்கவும் இல்லை.

செவ்வாயின் பாதையை ஆராய்ந்த அதே பொறுமையோடு கெப்ளர் வழக்கை ஆராய்ந்தார். ஒவ்வொரு சாட்சியின் சொல்லையும் எடுத்துக்கொண்டு, எது எப்போது நிகழ்ந்தது, யார் எதைக் கண்டார் என்று ஒப்பிட்டார். நோய்களுக்கு இயற்கையான காரணங்கள் இருந்ததை எடுத்துக்காட்டினார். நூறு பக்கத்திற்கும் மேற்பட்ட மறுப்புரையை எழுதி அளித்தார்.

இறுதியில் வதைக்கருவிகளைக் காட்டி அச்சுறுத்தியபொழுதும், செய்யாத குற்றத்தைக் கத்தரீனா ஒப்புக்கொள்ளவில்லை. 14 திங்கள் சிறையிருந்தபின், 1621ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவர் விடுதலை பெற்றார். ஆறு திங்கள் கழித்து அவர் உயிர்நீத்தார். கெப்ளர் 1630ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் ரேகன்ஸ்பர்க் நகரில் மறைந்தார்.

நாம் அறியவேண்டுவது

கோள்கள் மட்டுமன்றி, நம் நாடு விண்ணில் செலுத்தும் செயற்கைக்கோள்களும் கெப்ளர் கண்ட விதிகளின்படியே இயங்குகின்றன. அவர் பெயரைத் தாங்கி 2009இல் விண்ணுக்குச் சென்ற தொலைநோக்கி, பிற விண்மீன்களைச் சுற்றும் 2,600க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டறிந்தது.

மாணவர்களே! குறையோடு வளரும் குழந்தை ஒவ்வொன்றும் கெப்ளராகும் என்பது இவ்வரலாற்றின் பொருளன்று. வலிப்பு நோயுற்ற அவர் தம்பி எப்புகழும் பெறவில்லை. அவரும் அத்தாயின் மகனே. யாருடைய கண் எவ்வளவு காணும், யாருடைய கால் எவ்வளவு தொலைவு நடக்கும் என்பதை முன்னரே முடிவுசெய்ய நம்மால் இயலாது. உடன் அழைத்துச் செல்வதும், பொறுத்திருந்து காட்டுவதும் நம்மால் இயலும். உங்கள் வகுப்பில் மெல்லப் படிப்பவர், மங்கலாகக் காண்பவர், உரத்த ஒலிக்கு அஞ்சுபவர் எவரேனும் இருப்பின், அடுத்தமுறை விளையாடச் செல்லும்பொழுது அவரையும் அழையுங்கள்.

சொற்பொருள்

இணங்க, இசைந்து – ஒப்புக்கொண்டு
இடர் – துன்பம்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
இழுக்கு – பெருமைக் குறைவு
கோமகன் – ஒரு நிலப்பகுதியை ஆளும் தலைவன்
திங்கள் – மாதம்
நலிந்த – மெலிந்த, வலிமை குன்றிய

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தாம் கருவில் எத்தனை நாள் இருந்ததாகக் கெப்ளர் எழுதிவைத்தார்?
2. பெரியம்மையால் சிறுவன் ஜோகன்னசுக்கு நேர்ந்த குறைகள் யாவை?
3. வால்மீனைப் பற்றி அக்கால மக்கள் கொண்டிருந்த நம்பிக்கை யாது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. கண்பார்வை குன்றியவராயினும் செவ்வாயின் பாதையைக் கெப்ளர் எவ்வாறு கண்டறிந்தார்?
2. தாயின் வழக்கில் கெப்ளர் மேற்கொண்ட முயற்சிகளை எழுதுக.

இ. சிந்தித்து எழுதுக.
வால்மீனைக் காணக் கத்தரீனா தம் மகனை அழைத்துச் செல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? உங்கள் கருத்தை எழுதுக.

ஈ. செயல்பாடு
வானில் காணும் கோள்கள், விண்மீன்கள் ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டுப் பட்டியலிடுக. இரவில் வீட்டு மாடியிலோ திறந்த வெளியிலோ நின்று, அவற்றுள் ஒன்றையேனும் தம்பி தங்கையர்க்குக் காட்டுக.