கனவில் வந்த பாரிஸ்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும் பலருக்கு மின்னலும் பட்டமும் நினைவுக்கு வரும். எனக்கோ, 1785 ஜூலையில் பாரிஸை அடுத்த பாஸியிலிருந்து புறப்பட்ட 79 வயது முதியவரே நினைவுக்கு வருகிறார். சிறுநீர்க்கல் நோயால் வண்டியின் குலுக்கலை அவரால் தாங்க இயலாது. ஆகவே அரண்மனைப் பல்லக்கொன்றைக் கோவேறு கழுதைகள் துறைமுகம்வரை சுமந்தன. அமெரிக்கத் தூதராகப் பிரான்ஸில் அவர் வாழ்ந்தது எட்டரை ஆண்டுகள். தங்கிவிடுமாறு நண்பர்கள் மன்றாடினர். தாய்நாட்டில் கண்மூடவே அவர் விரும்பினார்.

பிலடெல்பியா பீரங்கி முழங்க வரவேற்றது. பென்சில்வேனியாவின் தலைமைப் பதவியையும் அளித்தது. மகளும் பேரக்குழந்தைகளும் சூழ்ந்த வீடு. இருந்தும், பாரிஸ் நண்பர்களோடு இருப்பதாகக் கனவு காண்பதை அவர்களுக்கே எழுதினார். இதை நன்றிகேடு என்று நான் கருதவில்லை. இளமையில் கிட்டாத ஓய்வும் உரையாடலும் அவருக்கு அங்கேதான் வாய்த்தன.

1790 ஏப்ரலில் அவர் மறைந்தார். பிரெஞ்சுத் தேசியச் சபை மூன்று நாள் துக்கம் அனுசரித்தது. அமெரிக்க செனட் சபை துக்கம் அனுசரிக்க மறுத்துவிட்டது.