காட்டில் கண்ட சிங்கமும் கதாசிரியர் கண்ட திருப்பமும்

அடர்ந்த காட்டிலே ஒருவன் களைத்து உறங்கிக் கிடக்கின்றான். அவன் விழித்து அசையும் வேளைக்காக ஒரு சிங்கம் அருகே காத்திருக்கின்றது. கையில் ஈட்டியுடன் அவ்வழியே வந்த இளைஞன் ஒருவன், உறங்குபவனின் முகத்தைக் கண்டு திடுக்கிடுகின்றான். அது அவனுடைய மூத்த சகோதரனின் முகம். தந்தை தனக்கு விட்டுச்சென்ற பங்கை அபகரித்து, தன்னை வேலைக்காரனைப் போல நடத்தி, இறுதியில் தன் உயிருக்கே உலை வைத்தவனின் முகம். பேசாமல் போய்விட்டாலே போதும். பழியும் தீரும், சொத்தும் சேரும். இளைஞனும் விலகிச் சில அடி நடக்கின்றான். பின்பு அவன் மனம் அவனைத் தடுக்கின்றது. திரும்பி வந்து, சிங்கத்தோடு போராடி, அதைக் கொன்று தன் பகைவனைக் காக்கின்றான்.

1590ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரோசலின்ட்’ என்னும் ஆங்கிலக் கதையில் வரும் காட்சி இது. இதை எழுதியவர் தோமஸ் லொட்ஜ். பின்னாளில் இக்கதையைத் தழுவியே சேக்ஸ்பியர் ‘அஸ் யூ லைக் இற்’ என்னும் புகழ்பெற்ற நாடகத்தைப் படைத்தார்.

அக்கால ஆங்கிலக் கதைகளில் திடீர்த் திருப்பங்களுக்குக் குறைவில்லை. அரசன் ஒரே நாளில் நாடிழப்பான், இளவரசி மாறுவேடம் பூண்டு காட்டில் ஆடு மேய்ப்பாள், கப்பல் உடையும், பிரிந்தவர் கூடுவர். அதிர்ஷ்டம் சுழற்றும் சக்கரத்தில் மேலிருப்பவர் கீழே வருவதும் கீழிருப்பவர் மேலே செல்வதும் உலக இயல்பு என்று அந்நாளைய வாசகர் எண்ணினர்.

லொட்ஜ் அச்சக்கரத்தைத் தம் இல்லத்திலேயே கண்டவர். 1558ஆம் ஆண்டளவில் பிறந்த அவர் குழந்தையாக இருந்தபோது, அவருடைய தந்தை இலண்டன் மாநகர முதல்வராக விளங்கினார். ஆனால் அந்தப் பதவிக்காலம் முடிவதற்குள்ளாகவே கடன் தந்தையை நொடித்துப்போகச் செய்தது. மகன் ஒக்ஸ்போர்ட்டில் 1577இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு சட்டம் பயிலச் சேர்ந்தார். எனினும் அவர் மனம் சட்டத்தில் நிலைக்கவில்லை; கவிதையும் நாடகமும் அவரை ஈர்த்தன. தந்தையின் மரண சாசனத்தில் அவர் பெயர் இடம்பெறவில்லை. பங்கு மறுக்கப்பட்ட இளைய மகனின் வேதனையை அவர் எழுதியபோது, அது அவருக்கு வெறும் கற்பனையாக இருந்திருக்காது.

‘ரோசலின்ட்’ கதையை அவர் எழுதியது கடற்பயணத்தின்போது, அலைகளின் நடுவே. 1591இல் தோமஸ் கவென்டிஷ் என்பவரின் கப்பல்களில் மீண்டும் புறப்பட்டுத் தென் அமெரிக்கா சென்றார். பிறேசில் நாட்டுக் கரையிலுள்ள சாந்தோஸ் நகரை ஆங்கிலேயர் திடீரெனத் தாக்கிக் கைப்பற்றினர். கொள்ளையிட வந்தவர்களோடு வந்த லொட்ஜ், அங்கிருந்த இயேசு சபைத் துறவிகளின் நூலகத்தில் ஸ்பானிய மொழியிலான ஒரு கதையைக் கண்டதாகப் பின்னர் எழுதினார். அதிலிருந்து பிறந்த தம் மற்றொரு கதையை, தென்முனையின் மகெல்லன் நீரிணையில், குளிரும் பசியும் தோழர்களைக் கொன்றுகொண்டிருந்த நாட்களில் அவர் எழுதினார். தலைவர் கவென்டிஷ் கடலிலேயே இறந்தார். லொட்ஜ் உயிரோடு வீடு திரும்பினார்.

அதன்பின் அவர் வாழ்வில் நேர்ந்த திருப்பம் அதிர்ஷ்டச் சக்கரத்தால் விளைந்ததன்று. 1596இல், சிலுவையடியில் அன்னை மரியாள் சிந்திய கண்ணீரைப் பற்றி அவர் ஒரு நூலை வெளியிட்டார். அவ்வாண்டுகளிலேயே கத்தோலிக்க விசுவாசத்தைத் தழுவினார். அந்நாளைய இங்கிலாந்தில் அது இலாபம் தரும் முடிவன்று. அரச திருச்சபையின் வழிபாட்டுக்கு வர மறுப்போருக்கு 1581ஆம் ஆண்டுச் சட்டம் மாதம் 20 பவுண் அபராதம் விதித்திருந்தது. குருக்கள் தூக்கிலேற்றப்பட்டனர், கவிஞரான இயேசு சபைக் குரு றொபேட் சவுத்வெல் 1595இல்தான் மரணதண்டனை பெற்றிருந்தார். இவை யாவும் அறிந்தே லொட்ஜ் அவ்வழியில் கால்வைத்தார்.

நாற்பது வயதளவில் அவர் மீண்டும் மாணவரானார். அப்போது பாப்பரசரின் ஆட்சியிலிருந்த அவிஞ்ஞோனில் 1598இல் மருத்துவப் பட்டம் பெற்றார். கதை எழுதிய கை நோயாளரின் நாடி பார்க்கத் தொடங்கியது. 1603இல் இலண்டனில் கொள்ளைநோய் ஏறத்தாழ 30 ஆயிரம் உயிர்களைப் பறித்தபோது, அந்நோயைத் தடுக்கும் வழிகளை விளக்கி ஒரு நூலை வெளியிட்டார். 1605ஆம் ஆண்டு வெடிமருந்துச் சதிக்குப் பின் கத்தோலிக்கர் மீதான நெருக்குதல் மேலும் கூடியது. சில ஆண்டுகள் அவர் தாய்நாட்டை விட்டு விலகி வாழ நேர்ந்தது. ஆயினும் 1610இல் இலண்டன் மருத்துவர் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. 1625இல் கொள்ளைநோய் மீண்டும் நகரைச் சூழ்ந்தது. அவ்வாண்டிலேயே லொட்ஜ் இலண்டனில் இறந்தார். அந்நோயே அவரையும் கொண்டுசென்றது என்று கருதப்படுகின்றது.

அன்பான வாசகர்களே, அவருடைய கதையின் முடிவை இங்கு நினைவுகூர்வது பொருத்தமானது. ‘ரோசலின்ட்’ கதையில் ஆட்சியைப் பறித்த அரசன் போர்க்களத்தில் கொல்லப்படுகின்றான். அதன் பின்பே நீதி திரும்புகின்றது. சேக்ஸ்பியரோ அம்முடிவை மாற்றினார். அவருடைய நாடகத்தில், படையோடு வரும் கொடியவன் காட்டின் எல்லையில் ஒரு முதிய துறவியைச் சந்திக்கின்றான்; பேசுகின்றான்; மனம் மாறி, பறித்ததைத் திருப்பிக் கொடுக்கின்றான். அந்நாடகம் எழுதப்பட்டது 1599ஆம் ஆண்டளவில். மூலக்கதையை எழுதியவரின் சொந்த வாழ்வு அதற்குள் வாளின்றியே வேறு திசை திரும்பியிருந்தது.

நம் வாழ்விலும் திடீர்த் திருப்பங்கள் உண்டு. நோய், இழப்பு, இடப்பெயர்வு போன்றவை நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் சிங்கத்தின் முன் கிடந்த சகோதரனை விட்டு நடந்த இளைஞன் திரும்பி வந்தானே, அந்தத் திருப்பத்தை எந்தச் சக்கரமும் உண்டாக்கவில்லை. அவன் விட்டகன்றிருக்கலாம், திரும்பினான். தன்னை விற்ற சகோதரருக்கு யோசேப்பு உணவளித்ததும், ஊதாரி மைந்தன் தந்தையின் இல்லம் நோக்கி எழுந்து நடந்ததும் இத்தகைய திருப்பங்களே. இறைவனின் அருள் நம்மை அழைக்கின்றது. திரும்ப வேண்டியவர் நாமே.

பல ஆண்டுகளாக நாம் பேசாதிருக்கும் ஒரு சகோதரன், ஒரு சகோதரி, ஓர் அயலவர் நமக்கு உண்டா? அவர் துன்பத்தில் கிடப்பதைக் கண்டும் சில அடி விலகி நடந்திருப்போமானால், திரும்பி வருவதற்கு இன்னும் காலம் இருக்கின்றது.