மருந்தின் அளவும் மருத்துவ மேதை இப்னு ஸீனாவும்

நோயுற்றோரை நலம் விசாரிக்க நாம் செல்லும் இல்லங்களில், ஒரு மாத்திரையால் வலி அடங்கவில்லையெனில் சற்று நேரத்திலேயே மற்றொன்றையும் விழுங்கிவிடும் வழக்கத்தைக் காண்கிறோம். விழுங்கிய மருந்து உடலில் எங்கே செல்கிறது, எவ்வாறு மாறுகிறது, எப்போது வெளியேறுகிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இவற்றை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆழ்ந்து சிந்தித்தவரும், இறுதியில் மருந்தின் அளவு தவறியதால் தாமே பெருந்துன்பத்திற்கு ஆளானவருமான ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகிறோம்.

அபூ அலீ இப்னு ஸீனா அவர்கள் ஹிஜ்ரி 370இல் (கி.பி. 980) புகாராவை அடுத்த அஃப்ஷனா என்னும் சிற்றூரில் பிறந்தார்கள். பத்து வயதிற்குள் திருக்குர்ஆனை ஓதி முடித்தார்கள். கல்வியில் ஏதேனும் சிக்கல் விளங்காதபோது பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது துஆச் செய்வது அவர்களின் வழக்கமாக இருந்தது. பதினெட்டு வயதை எட்டும் முன்பே ஸாமானிய மன்னர் நூஹ் இப்னு மன்ஸூருக்கு மருத்துவம் செய்து, அரச நூலகத்தில் பயிலும் அனுமதியைப் பெற்றார்கள். பின்னர் ஊர் ஊராக அலைந்த வாழ்வுதான். ஹமதானில் அமைச்சரானார்கள், கோட்டைச் சிறையில் நான்கு மாதங்கள் இருந்தார்கள், அங்கிருந்து மாறுவேடத்தில் இஸ்பஹான் சென்று சேர்ந்தார்கள். தத்துவத்தில் அவர்கள் கொண்ட கருத்துக்கள் சிலவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கடுமையாக மறுத்துள்ளார்கள். அது தனிப் பேச்சு. நாம் எழுதுவது மருத்துவத்தைப் பற்றி மட்டுமே.

ஜுர்ஜானில் எழுதத் தொடங்கிய ‘அல்-கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூல் ஐந்து பாகங்கள் கொண்டது. மருந்தைச் சோதிக்கும் விதிகளை அதன் இரண்டாம் பாகத்தில் வகுத்தார்கள். மருந்து வேலை செய்யும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். மனிதனுக்கான மருந்தை மனிதனிடமே சோதித்தறிய வேண்டும், சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்ட பலன் போதாது என்றெல்லாம் விளக்கினார்கள். இரைப்பை அருகிலுள்ளது, ஆகவே அதற்கு மிதமான மருந்து போதும். நுரையீரல் போன்ற தொலைவான உறுப்பை அடைவதற்குள் மருந்தின் வீரியம் குன்றிவிடும் என்பதையும் கணக்கில் கொண்டார்கள். இதயத்திற்குரிய மருந்துடன் குங்குமப்பூவையும், சிறுநீர் உறுப்புகளுக்குரியதுடன் சிறுநீர் பெருக்கியையும் சேர்த்தால் அவை மருந்தை உரிய இடத்திற்கு இட்டுச் செல்லும் என்று கருதினார்கள். மருந்தின் குணம் உடலின் இயற்கைச் சூடு அதன்மீது வினை புரிந்த பின்னரே வெளிப்படுகிறது என்றும் எழுதினார்கள்.

அவர்கள் கூறியவை அனைத்தும் சரியென்று நாம் சொல்லவில்லை. இதயத்தின் வலப்பக்க இரத்தம் நடுச்சுவரின் வழியே இடப்பக்கம் செல்கிறது என்ற பழைய கருத்தை அவர்களும் ஏற்றிருந்தார்கள். அது நுரையீரல் வழியாகவே செல்கிறது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருத்தியவர் இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள். விழுங்கிய மருந்து குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்கும், பின் இதயம், நுரையீரல் வழியாக உடலெங்கும் செல்கிறது என்று இன்று அறிகிறோம். கல்லீரல் அதனை உருமாற்றுகிறது. சிறுநீரகம் பெரும்பாலும் வெளியேற்றுகிறது. அபினிலுள்ள கோடீன் என்னும் பொருள் கல்லீரலில் மார்ஃபினாக மாறிய பின்னரே பெரிதும் வலியை அடக்குகிறது. அந்த மார்ஃபினில் பாதி குறைய இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் மேலும் மேலும் கொடுத்தால் உடலில் சேர்ந்துகொண்டே போகும். நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமாலும் அளவு மீறினால் கல்லீரலையே அழித்துவிடும்.

இவ்வளவு அறிந்த அவர்களுக்கு நேர்ந்ததை அவர்களின் மாணவர் அல்-ஜூஸ்ஜானி எழுதி வைத்துள்ளார். மன்னர் அலாவுத் தவ்லாவுடன் படைப் பயணத்தில் இருந்தபோது கடுங்குடல்வலி கண்டது. படை பின்வாங்கினால் நோயாளியாகத் தாம் பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சத்தில், விரைவில் குணமாக வேண்டி ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக்கொண்டார்கள். குடல் புண்ணாகியது. எனிமாவில் 2 தானிக் செலரி விதை சேர்க்கச் சொன்னார்கள். மருத்துவர் ஒருவர் 5 திர்ஹம் சேர்த்துவிட்டார். ஒரு திர்ஹம் 6 தானிக் ஆதலால் இது 15 மடங்கு! வேண்டுமென்றே செய்தாரா, தவறினாரா என்பது தமக்குத் தெரியாது என்கிறார் மாணவர். இதற்கிடையில், பணத்தைக் களவாடிய பணியாட்கள் அகப்பட்டுவிடுவோம் என்று அஞ்சி, அவர்கள் உண்ணும் லேகியத்தில் அபினை மிகுதியாகக் கலந்தனர்.

பல்லக்கில் இஸ்பஹானுக்குக் கொண்டுவரப்பட்டுச் சற்றுத் தேறினார்கள். ஆனால் ஹமதான் செல்லும் வழியில் நோய் திரும்பியது. உடலின் ஆற்றல் முற்றும் தீர்ந்துவிட்டதை உணர்ந்து மருந்தை நிறுத்தினார்கள். அடிமைகளை விடுதலை செய்தார்கள். செல்வத்தைத் தர்மம் செய்தார்கள். மூன்று நாட்களுக்கு ஒருமுறை குர்ஆனை ஓதி முடித்து வந்தார்கள். ஹிஜ்ரி 428 ரமளானில் (கி.பி. 1037) வபாத்தாகி, ஹமதானிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.