பிரம்பை வெறுத்த பெருங்கவிஞர்

கவியரசர் இரவீந்திரநாத தாகூர் என்றவுடன் கீதாஞ்சலியும் 1913ஆம் ஆண்டின் நோபல் பரிசுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு அவர் வாழ்வில் மற்றொரு பக்கமும் உண்டு. தவறிழைத்த மாணவனை என்ன செய்வது என்னும் வினா அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்து வந்தது.

1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தவர், அழுது அடம்பிடித்துப் பள்ளிக்குச் சென்றார். ஓரியண்டல் செமினரி என்னும் அப்பள்ளியில், பாடம் ஒப்பிக்காத சிறுவனைப் பெஞ்சின்மேல் ஏற்றி, நீட்டிய கைகளில் சிலேட்டுகளை அடுக்குவர். அங்கே கற்ற பாடம் எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. இத்தண்டனை மட்டும் ஐம்பது வயதிலும் மறக்கவில்லை. வீட்டில் அச்சிறுவர் தாழ்வாரத்துக் கிராதிகளையே மாணவர்களாக்கிப் பிரம்பால் விளாசுவாராம்! ஆசிரியரின் கல்வியைவிட அவர்தம் சினமே எளிதில் தொற்றிக்கொண்டது என்று தம் நினைவுக் குறிப்புகளில் நகைத்துக்கொள்கிறார். அடுத்த பள்ளியில் ஓர் ஆசிரியரின் வசைமொழி பொறாது, அவர் வினவிய எதற்கும் விடையிறுக்க மறுத்து, கடைசி இருக்கையில் ஊமையாய் அமர்ந்திருந்தார்.

பின்னர்ச் சேர்ந்த புனித சேவியர் கல்லூரிப் பள்ளியில் ஒருநாள் அவர் எழுதாமல் பேனாவுடன் வாளாவிருந்தார். மேற்பார்வைக்கு வந்த தெ பெனராண்டா என்னும் பாதிரியார் குனிந்து, தோளில் கைவைத்து, உடல்நலமில்லையா என்று கேட்டார். அவ்வளவே. அந்தக் கையின் இதத்தை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

1901ஆம் ஆண்டு டிசம்பரில் சாந்திநிகேதனத்தில் ஐந்து மாணவர்களுடன் அவரது பள்ளி தொடங்கிற்று. துணைவியார் மிருணாளினி தேவியின் நகைகள் அதற்காக விற்கப்பட்டன. மறுஆண்டே அவ்வம்மையார் மறைந்தார். அப்பள்ளி கட்டுப்பாடற்ற இடமன்று. விடியுமுன் எழவேண்டும், காலணியின்றி நடக்கவேண்டும். ஆனால் ஒழுங்கைக் காப்பவர் யார் என்பதில்தான் அவர் வேறுபட்டார். மாணவர்கள் தம் தலைவர்களைத் தாமே தேர்ந்தனர். குற்றங்களை மாணவர் மன்றமே விசாரித்தது. தம் வயதொத்தோர் முன் நின்று விடைசொல்லும்போது பொய் எளிதில் வாராது என்பது நம் அனைவர்க்கும் தெரிந்ததே.

1916ஆம் ஆண்டு கல்கத்தா மாநிலக் கல்லூரியில் புயல் வீசிற்று. ஓட்டன் என்னும் ஆங்கிலேயப் பேராசிரியர் மாணவர்களிடம் முறைகேடாக நடந்தார் என்று மாணவர்கள் கொதித்தனர். பிப்ரவரியில் அவரைத் தாக்கினர். கல்லூரி மூடப்பட்டது. சுபாஷ் சந்திர போஸ் உள்ளிட்டோர் நீக்கப்பட்டனர். நாடே இருபிரிவாய் நின்று வாதிட்டபோது தாகூர் மாணவர் ஆளுகை பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அடித்ததை அவர் போற்றவில்லை. கல்லூரிப் பருவம் சிறுவர் பருவத்துக்கும் வளர்ந்தோர் பருவத்துக்கும் இடைப்பட்டது; தன்மானம் புதிதாய் அரும்பும் காலம்; அப்பொழுது பெற்ற அவமதிப்பு ஆறாது. சிறைக் காவலராகவோ படைப்பயிற்சியாளராகவோ இருக்கத்தக்கவர்களிடம் இளைஞர்களை ஒப்படைத்தல் பிழை என்றே வாதிட்டார்.

இப்பகுதியைப் பயிலுந்தோறும் எனக்கு உள்ளம் உறுத்துவதுண்டு. எதிரே நிற்கும் மாணவரின் முகத்தைப் பாராமல், கோப்பைப் பார்த்தே முடிவெழுதிய ஒழுங்குநடவடிக்கைக் குழுக்களில் நானும் அமர்ந்திருக்கிறேன்.

நீக்கப்பட்ட சுபாஷுக்கு 1917இல் சர் அசுதோஷ் முகர்ஜியின் துணையால் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே மெய்யியலில் முதல் வகுப்பில் தேறினார். 1939ஆம் ஆண்டு தாகூர் தம் சீட்டுக்கட்டு நாடகமாகிய தாஷேர் தேஷின் மறுபதிப்பை அவருக்கே உரிமையாக்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 19ஆம் நாள், சுபாஷின் வேண்டுகோளை ஏற்று, எழுபத்தெட்டு வயதில் தளர்ந்த உடலுடன் கல்கத்தா வந்து, மகாஜாதி சதனத்திற்கு அடிக்கல் நாட்டினார்.