சிதம்பரத்தில் ஒரு கணித மேதை

சிதம்பரம் என்றதும் நடராஜர் கோவில் நினைவுக்கு வரும். அந்த ஊரில் இருந்தபடியே உலகக் கணித மேதைகளை வியக்க வைத்த தமிழர் ஒருவர் உண்டு. அவர்தான் எஸ். எஸ். பிள்ளை. முழுப் பெயர், சிவசங்கரநாராயண பிள்ளை.

கைகொடுத்த ஆசிரியர்

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயார் இறந்துவிட்டார். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே தகப்பனாரும் காலமானார்.

படிப்பு நின்றுவிடும் நிலை. செங்கோட்டைப் பள்ளி ஆசிரியர் சாஸ்திரியார், தம் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துப் படிக்க வைத்தார். பிள்ளை நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரியில் படித்தார். பிறகு சென்னையில் ஆராய்ச்சி செய்தார்.

1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதே ஆண்டு அங்கே விரிவுரையாளர் ஆனார். இன்று கடலூர் மாவட்டத்தில் உள்ள சிதம்பரம், அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது.

பெயர் பெற்ற எண்கள்

7, 11, 23 போன்ற எண்களை 1-ஐயும் அதே எண்ணையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுக்க முடியாது. இவை பகா எண்கள்.

1 முதல் 5 வரை பெருக்கினால் 120. ஒன்று கூட்டினால் 121. இதை வகுக்கும் பகா எண் 11. அதில் ஒன்றைக் கழித்தால் 10. அது 5-ஆல் வகுபடுகிறது!

எல்லா எண்ணுக்கும் இப்படி வருமா? 1930-ல் பிள்ளை இந்தக் கேள்வியை எழுப்பினார். வராது என்று சௌலா என்ற கணித அறிஞர் காட்டினார். 1 முதல் 14 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 8,717 கோடிக்கு மேல் வரும். அதை 23 மீதியின்றி வகுக்கும். ஆனால் 23-ல் ஒன்று போனால் 22. அது 14-ஆல் வகுபடாது.

இப்படி விதிக்கு அடங்காத பகா எண்களுக்குப் பிள்ளை பகா எண்கள் என்றே பெயர்.

170 ஆண்டுப் புதிர்

2-ஐ ஆறு தடவை எழுதிப் பெருக்கினால் 64. 3-ஐ அப்படிப் பெருக்கினால் 729. 1 எப்போதும் 1-தான். இத்தகைய எண்களை மட்டும் கூட்டி, எந்த எண்ணையும் உண்டாக்க வேண்டும். அதற்கு எத்தனை எண்கள் போதும்?

இங்கிலாந்தின் வாரிங் 1770-ல் கிளப்பிய புதிரில் இதுவும் ஒரு பகுதி. 73 போதும் என்று 1940-ல் பிள்ளை நிரூபித்தார். அதற்குக் குறைந்தால் போதாது. 703-க்குப் பத்து 64-ம், அறுபத்து மூன்று 1-ம் வேண்டுமே!

கடைசிப் பயணம்

1941-ல் சிதம்பரத்தை விட்டுத் திருவனந்தபுரம் சென்றார். மறு ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1950-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் ஆராய்ச்சிக் கழகம் அவரை அழைத்தது.

ஆவலோடு புறப்பட்டார். ஆனால் போய்ச் சேரவில்லை. ஆகஸ்டு 31-ந் தேதி, கெய்ரோவிலிருந்து கிளம்பிய விமானம் எகிப்து மண்ணில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 55 பேரும் மாண்டனர். அப்போது பிள்ளைக்கு வயது 49.

அவர் பெயர் தாங்கிய பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று பின்னால் வந்தவர்கள் நிரூபித்தார்கள்.